காயாத இலைக்குக் குறித்த தேதி: இரண்டு சிறு கண்காட்சிகளின் நிகழ்வு ஆய்வு

மூன்றாம் நாள் காலை ஹாலைத் திறந்து விளக்கைப் போட்டபோது சுவரில் இருந்த படங்களில் சில வியர்த்திருந்தன. கண்ணாடியின் உள்பக்கம் மெல்லிய பனி. விரலால் துடைத்துப் பார்த்தோம், போகவில்லை. உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியிலிருந்து எப்படித் துடைப்பது? அன்று மாலைக்குள் 41 படைப்புகளில் ஐந்தில் பூசணம் தெரிந்தது. நான்கு சுருண்டு தாளை விட்டு எழும்பி நின்றன. இரண்டு பசை விட்டுக் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் இடையில் கீழே விழுந்து கிடந்தன.

பத்து நாள் கண்காட்சி. மூன்றாம் நாளிலேயே கால்வாசிக்கு மேல் போச்சு.

நாங்கள் ஆறு பேர். யாரும் தொழில்முறைக் கலைஞர் இல்லை. இலை, பூ, விதை, காய்ந்த புல், மரப்பட்டை என்று கையில் கிடைப்பதை வைத்து அவரவர் வீட்டில் ஏதாவது செய்துகொண்டிருந்தவர்கள். எங்களில் ஒருவர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. எல்லோருக்கும் அவர் டீச்சர்தான், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். ஒரு பொது நூலகத்தின் பக்கத்து அறை திடீரென்று காலியாக இருப்பதாகத் தகவல் வந்தது. பன்னிரண்டு நாளில் தொடங்க முடியுமா என்று கேட்டார்கள். முடியும் என்றோம். யோசிக்கவே இல்லை. உள்ளூரில் நாலு பேர் பார்க்க ஒரு சுவர் கிடைக்கிறது என்றால் யார்தான் யோசிப்பார்கள்?

ஏழு மாதம் கழித்து அதே அறையில் இரண்டாவது முறை வைத்தோம். இந்த முறை சுவரில் 26 படைப்புகள்தான். கெட்டுப்போனது ஒன்று, அதுவும் வேறு காரணத்தால். இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்பதைத்தான் எழுதப் பார்க்கிறேன். கலைத்திறன் அந்த ஏழு மாதத்தில் பெரிதாக வளர்ந்துவிடவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நடுநரம்பில் இருந்த தண்ணீர்

பூசணம் பிடித்த ஐந்து படங்களையும் பிரித்து மேசையில் வரிசையாக வைத்தோம். ஐந்திலும் ஒரே மாதிரி. இலையின் பரப்பு சுத்தமாக இருக்கிறது, ஆனால் நடுநரம்பின் இரண்டு பக்கமும் வெள்ளைப் பஞ்சு இழை போல ஒரு கோடு, காம்பிலிருந்து நுனி வரை ரூல் போட்டு வரைந்த மாதிரி. டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ரொம்ப நேரம் அதையே பார்த்தார். "இலை காஞ்சிருக்கு. நரம்பு காயலை" என்றார். விசாரணை அங்கேயே முடிந்துவிட்டது என்று சொல்லலாம்.

நடந்தது இதுதான். பன்னிரண்டு நாளில் பறிக்க வேண்டும், காய வைக்க வேண்டும், ஒட்ட வேண்டும், சட்டம் போட வேண்டும். இலைகளைப் பறித்ததோ மழை விட்ட மறுநாள். புத்தகத்துக்குள் ஐந்து நாள் வைத்தோம். அவசரத்துக்கு நான்தான் துணிக்குப் போடும் இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன். தாளுக்கு நடுவில் இலையை வைத்து மேலே சூடாகத் தேய்த்தால் ஐந்து நிமிடத்தில் அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று ஆகிவிடுகிறது. எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு என்று எனக்கு அன்று பெருமை வேறு. ஆனால் இலையின் பரப்பு காகிதம் போல மெலிசு, நடுநரம்பு அதைப் போலப் பல மடங்கு தடிமன். சூடு பட்டதும் மெலிசான பகுதி உடனே காய்ந்துவிடும். தண்ணீரைக் கொண்டுபோகும் குழாய்களே ஓடுகிற நரம்பு உள்ளே ஈரத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். தொட்டுப் பார்ப்பவர் பரப்பைத்தானே தொடுகிறார்?

அந்த இலையைக் கண்ணாடிக்கு ஒட்டினாற்போல வைத்து, தூசி போகக் கூடாது என்று பின்பக்கம் முழுக்க டேப்பும் ஒட்டினோம். நரம்பிலிருந்து மெல்ல வெளியே வந்த ஈரம் போக வழி இல்லை. காற்றின் ஈரப்பதம் 65–70 சதவீதத்தைத் தாண்டிக் கொஞ்ச நாள் நின்றாலே பூசணம் வளர ஆரம்பித்துவிடும். மூடிய சட்டத்துக்குள் அந்த அளவை எட்ட ஒரு தடித்த காம்பு போதும். ராத்திரி அறை குளிர்ந்ததும் உள்ளே இருந்த ஆவி கண்ணாடியில் படிந்தது. அதைத்தான் காலையில் பார்த்தோம்.

சுருண்டதற்குக் காரணம் வேறு, அதுவும் எங்கள் அவசரம்தான். இலையின் பின்பக்கம் முழுவதும் வெள்ளைப் பசையைத் தடவி ஒட்டியிருந்தோம். தண்ணீர் கலந்த பசை. தாள் ஈரத்தை இழுத்து விரிகிறது, காயும்போது சுருங்குகிறது. இலை தன் போக்கில் சுருங்குகிறது. இரண்டும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. அந்த இழுபறியில் தாள் வளைந்தது, சில இடங்களில் இலை பிய்த்துக்கொண்டு வந்தது.

இதெல்லாம் நாங்கள் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமே இல்லை. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் லூக்கா கினி என்ற தாவரவியலாளர் செடிகளை அழுத்திக் காயவைத்துத் தாளில் ஒட்டி வைக்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்ததாகச் சொல்வார்கள். அவர் காலத்தில் காய்ந்த செடிகள் சில இன்னும் இருக்கின்றன. உலகம் முழுக்க உலர்தாவரச் சேகரிப்புகளில் இதே வேலையைத் தினமும் செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் செடி முழுவதும் பசை தடவி மூடுவதைவிட, மெல்லிய தாள் பட்டையைக் காம்பின் குறுக்கே போட்டு அதன் இரண்டு முனையை மட்டும் ஒட்டுவது உண்டு. இலை அதன் அடியில் கொஞ்சம் நகரலாம், மூச்சு விடலாம். நாங்கள் கலை என்று நினைத்து அறிவியல் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கன்னத்தில் வைத்துப் பார்ப்பது

இரண்டாவது கண்காட்சிக்கு முன்பு காயவைக்கும் முறையை அடியோடு மாற்றினோம். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாமே இதற்குப் பிறகுதான்.

கெட்டி அட்டைப் புத்தகத்தை விட்டுவிட்டோம். இரண்டு மரப்பலகை, நடுவில் அடுக்கு: நெளி அட்டை, ஒற்றுத்தாள், செய்தித்தாள் மடிப்புக்குள் இலை, மறுபடி ஒற்றுத்தாள், நெளி அட்டை. பார்சல் பெட்டியை வெட்டினால் கிடைக்கும் அட்டைதான். அதற்குள் இருக்கும் நெளிவுகள் எல்லாம் ஒரே திசையில் இருக்க வேண்டும், அப்போதுதான் ஒரு பக்கம் புகுந்த காற்று மறுபக்கம் வெளியே போகும். மேலே இறுக்கிக் கட்ட இரண்டு பட்டை. முதல் மூன்று நாள் தினமும் ஒற்றுத்தாளை மாற்ற வேண்டும். இலை தன் தண்ணீரில் பெரும்பகுதியை விடுவது அந்த நாட்களில்தான். சோம்பல் பட்டு ஒரு நாள் விட்டால் இலை கறுக்கும். எனக்கு இரண்டு முறை கறுத்தது.

பெரணி, புல், மெல்லிய பூவிதழ் எல்லாம் ஒரு வாரம் பத்து நாளில் தயார். நடுத்தர இலைக்கு இரண்டு வாரம். தடித்த இலை, சதைப்பற்றுள்ள செடி என்றால் மூன்று நான்கு வாரமும் ஆகும். அப்படியும் நம்ப முடியாது.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? விரல் ஏமாற்றும். சேகரிப்புகளில் வேலை செய்பவர்களுக்குத் தெரிந்த ஒரு வழி இருக்கிறது: இலையைக் கன்னத்திலோ மேலுதட்டிலோ மெல்ல வைத்துப் பார்ப்பது. குளிர்ச்சியாக இருந்தால் ஈரம் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நன்றாகக் காய்ந்த இலை அறையின் சூட்டில்தான் இருக்கும், காகிதம் மாதிரி. அரிப்பு உண்டாக்கும் செடிக்கும் பால் வடியும் செடிக்கும் இந்தச் சோதனை வேண்டாம். மற்றவற்றுக்கு இதைவிட எளிதான கருவி கிடையாது. முதல் தடவை செய்தபோது எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. ஆறு பெரியவர்கள் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு இலையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தால் வேறு எப்படி இருக்கும்?

டீச்சருக்குக் கன்னம் போதவில்லை, அவருக்கு எண் வேண்டும். ஒரே வகை இலைகளைக் கட்டாக வைத்து, சிறு தராசில் தினமும் எடை போட்டு நோட்டில் எழுதினார். எடை குறைந்துகொண்டே வந்து மூன்று நாள் தொடர்ந்து மாறாமல் நின்றால் அதுதான் காய்ந்த நாள். அவர் நோட்டின்படி, நாங்கள் முதல் முறை சட்டத்துக்குள் வைத்த அதே இலைக்கு 23 நாள் ஆனது. எங்களுக்கு மொத்தமாகவே இருந்தது 12.

அங்கேதான் முடிவு பிறந்தது: ஹால் எப்போது கிடைக்கும் என்று கேட்டு இலையைப் பறிக்கக் கூடாது. இலை காய்ந்த பிறகுதான் ஹாலைக் கேட்க வேண்டும். ஒத்துக்கொள்வது கஷ்டம். எங்களில் ஒருவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. வாய்ப்பு வரும்போது பிடித்துக்கொள்ள வேண்டும், கெட்டால் கெடட்டும் என்பது அவர் கட்சி. அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. முதல் கண்காட்சி நடந்திருக்காவிட்டால் இரண்டாவதும் நடந்திருக்காது.

சட்டம் போடுவதில் மாற்றியது சிறிய விஷயம்தான். கண்ணாடிக்கும் இலைக்கும் நடுவில் தடித்த மவுண்ட் அட்டையைச் செருகி இடைவெளி விட்டோம். பின்பக்கத்தை டேப்பால் அடைக்காமல், சுவரில் படாமலிருக்க நான்கு மூலையிலும் சின்ன ரப்பர் பொட்டு ஒட்டினோம்.

மேற்கு ஜன்னல்

முதல் கண்காட்சி முடிந்து படங்களை இறக்கும்போது இன்னொன்று தெரிந்தது. மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு சிவப்பு இதழ் அமைப்பு இருந்தது. அதன் கண்ணாடி மேல் வலது மூலையில் எண் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டியிருந்தோம். அதை உரித்தபோது அடியில் கட்டைவிரல் அகலத்துக்குச் சதுரமாக நல்ல சிவப்பு, சுற்றிலும் வெளிறிய தேநீர் நிறம். பத்து நாள் மாலை வெயில் செய்த வேலை. அந்தச் சதுரம் இல்லாவிட்டால் "முதல்லயே இந்த நிறம்தானே" என்றுகூடச் சொல்லியிருப்போம்.

சிவப்பு, ஊதா நிறங்களைத் தரும் ஆந்தோசயனின்கள் வெளிச்சத்தைத் தாங்காது. பச்சையம் இன்னும் சீக்கிரம் சிதையும், அது போனதும் அடியில் இருக்கும் மஞ்சள் கொஞ்ச காலம் நிற்கும், கடைசியில் பழுப்பு. அருங்காட்சியகங்களில் தாள், துணி, உலர்ந்த தாவரம் போன்றவற்றுக்கு 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் விடுவதில்லை என்பது வெகுநாள் வழக்கம் (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு). நேரடி உச்சி வெயில் 1,00,000 லக்ஸ் வரை போகும். டீச்சர் கணக்குப் போட்டார்: ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வருவதைப் பாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள், 50,000. ஒரு மணி நேர வெயில் என்பது 50 லக்ஸில் 1,000 மணி நேரம். ஹால் தினம் 8 மணி நேரம் திறந்திருந்தால் 125 நாள். வெளிச்சம் செய்யும் சேதம் கூடிக்கொண்டே போகும், திரும்ப வராது. ஓய்வு கொடுத்தால் நிறம் தேறிவிடும் என்பதெல்லாம் இலைக்குப் பொருந்தாது.

இரண்டாவது முறை அந்தச் சுவரைக் காலியாக விட்டோம். நன்றாக வெளிச்சம் விழும் சுவரைக் காலியாக விட மனம் வருமா? வரவில்லைதான். அப்புறம் அங்கே நிறமே இல்லாத ஒன்றை வைக்கலாம் என்று தோன்றியது, அரச இலை நரம்புக்கூடு.

அதையும் டீச்சர்தான் செய்தார். தண்ணீரில் சலவை சோடாவைக் கரைத்து, முற்றிய இலைகளைப் போட்டு, ஒன்றிரண்டு மணி நேரம் மெல்லக் கொதிக்கவிட வேண்டும். சதை குழைந்ததும் தட்டையான தட்டில் தண்ணீருக்குள்ளேயே வைத்துப் பழைய மிருதுவான பல் துலக்கும் பிரஷால் தட்டித் தட்டிச் சதையை நீக்கினால் வலை மாதிரி நரம்பு மட்டும் நிற்கும். இழுக்கக் கூடாது, தட்ட வேண்டும். கைக்கு உறை போட வேண்டும். முதல் தடவை அவர் அலுமினியப் பாத்திரத்தை எடுத்தார். சோடாக் கரைசல் அலுமினியத்தை அரிக்கும். பாத்திரம் நுரைத்துக் கறுத்து, இலையும் அழுக்கேறிப்போனது. எவர்சில்வர்தான் சரி. கொதிக்க வைக்காமல் சில வாரங்கள் தண்ணீரில் ஊறவைத்தும் செய்யலாம், நுண்ணுயிர்கள் சதையைத் தின்றுவிடும். நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளும் குடும்பம் வேண்டும்.

அந்த நரம்புக்கூடுகளைக் கண்ணாடி இல்லாமல் நூலில் கட்டி ஜன்னல் பக்கம் தொங்கவிட்டோம். மாலை வெயில் வரும்போது எதிர்ச் சுவரில் நிழல் விழும், காற்றில் ஆடும். போன முறை எங்கள் படத்தைக் கெடுத்த அதே வெயில். பார்க்க வந்தவர்களில் பலர் இலையைப் பார்க்கவில்லை, நிழலைத்தான் பார்த்தார்கள்.

நின்று பார்க்காதவர்கள்

ஈரமும் வெளிச்சமும் பொருளைக் கெடுத்தன. ஆனால் நன்றாக இருந்த முப்பது படங்களின் கதையும் சுகமில்லை. வந்தவர்கள் ஒரு சுற்று நடந்தார்கள், "நல்லா இருக்கு" என்றார்கள், போனார்கள். அறையைச் சுற்றி வர இரண்டு நிமிடம் ஆகவில்லை.

ஒரு காரணம் உயரம். எங்களில் உயரமானவர்தான் ஆணி அடித்தார், தன் கைக்கு வாகான இடத்தில் அடித்துவிட்டார். கண்காட்சிக் கூடங்களில் படத்தின் நடு மையம் தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. வரை இருக்குமாறு மாட்டுவார்கள். சராசரி ஆளின் கண் அந்த அளவில்தான் இருக்கும். எங்களுடையது 170ஐத் தாண்டியிருந்தது. சிறு இலையைப் பார்க்க எல்லோரும் கழுத்தை நீட்ட வேண்டியிருந்தது, குழந்தைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது முறை 145. நுணுக்கமான சிறு வேலைகளைச் சுவரிலிருந்தே எடுத்துவிட்டுத் தாழ்ந்த மேசையில் சாய்த்து வைத்தோம். சக்கர நாற்காலியில் வந்த ஒருவர் அந்த மேசையருகில் ரொம்ப நேரம் இருந்தார்.

இன்னொரு காரணம் லேபிள். முதல் முறை "இலையின் மௌனம்", "பசுமையின் பயணம்" என்ற ரீதியில் தலைப்புகள் எழுதியிருந்தோம். இப்போது நினைத்தால் கூசுகிறது. அவற்றைப் படித்தவர்களுக்கு அடுத்து கேட்க ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இதை எப்படிச் செஞ்சீங்க?" அந்தக் கேள்விக்கு லேபிளில் பதில் இல்லை.

புது லேபிளில் நான்கே வரி. செடியின் பெயர், பறித்த மாதம், செய்த முறை, காய்ந்த நாட்கள். எழுத்து பெரிதாக, ஓர் அடி தள்ளி நின்றாலும் படிக்கிற அளவில். நான்காவது வரி டீச்சரின் பிடிவாதத்தால் வந்தது. அதைத்தான் மக்கள் அதிகம் படித்தார்கள். "காய்ந்த நாட்கள்: 23" என்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் படத்துக்குப் போய் "இது எட்டுதான்" என்று ஒப்பிட்டார்கள். இலையைத் திரும்ப வந்து பார்த்தார்கள். ஏன் எட்டு, ஏன் 23 என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஒரு எண் இவ்வளவு வேலை செய்யும் என்று நாங்கள் நினைக்கவில்லை.

மேசை

நடுவில் ஒரு மேசை போட்டு, வருகிறவர்களே ஏதாவது செய்து எடுத்துப் போகட்டும் என்று முடிவு செய்தோம். மூன்று வேலைகளைச் சோதித்தோம்.

முதலாவது, இலையைத் துணியில் வைத்துச் சுத்தியலால் தட்டி அதன் சாற்றாலேயே அச்சு எடுப்பது. படிகாரத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த பருத்தித் துணியில் சாயம் இன்னும் நன்றாகப் பிடிக்கும். ஜப்பானில் இதை தாதாகிசோமே என்பார்கள். அழகான வேலை. ஆனால் நூலகத்தில் சுத்தியல்! முதல் பத்து நிமிடத்தில் நூலகர் எழுந்து வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. சுத்தியலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், திரும்பிப் போனார். அதோடு சரி.

இரண்டாவது விதை மாலை. அதைப் பற்றிப் பிறகு.

மூன்றாவது மை அச்சு, அதுதான் நின்றது. இது பழைய வேலை. லியொனார்டோ டா வின்சியின் குறிப்பேட்டுத் தாள் ஒன்றில் ஓர் இலையின் மை அச்சு இருக்கிறது, 500 ஆண்டுகளாக. இலையின் அடிப்பக்கத்தில்தான் நரம்பு புடைத்து நிற்கும், அதனால் மையை அடிப்பக்கத்தில் பூச வேண்டும். உருளையில் மை மிக மெலிசாக இருக்க வேண்டும். உருட்டும்போது சரசரவென்று சத்தம் வந்தால் சரியான அளவு, சளக்சளக்கென்றால் அதிகம். மை பூசிய பக்கத்தைத் தாளில் வைத்து, மேலே இன்னொரு தாளைப் போட்டு, உள்ளங்கையின் அடிமேட்டால் அழுத்த வேண்டும். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் நரம்பு இரண்டாகத் தெரியும். காம்பைப் பிடித்து ஒரே இழுப்பில் தூக்க வேண்டும்.

முதல் தாள் எப்போதும் ஏமாற்றும். மை அப்பிக்கொண்டு இலை வடிவத்தில் ஒரு கறை மாதிரி வரும். மறுபடி மை பூசாமல் அதே இலையை இரண்டாவது தாளில் வைத்தால்தான் கிளை நரம்பு, அதற்குள் வலை நரம்பு என்று எல்லாம் எழும். இதை முன்கூட்டியே சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஏழெட்டு வயதிருக்கும் ஒரு பெண் முதல் தாளைப் பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டாள். "எனக்கு வரலை ஆன்ட்டி." "இன்னொரு தடவை வைம்மா, மை போடாத." இரண்டாவது தாளைத் தூக்கியவள் ஒன்றும் பேசாமல் சுவரில் இருந்த அதே வகை இலையிடம் ஓடிப்போய், தாளைப் பக்கத்தில் பிடித்து நரம்பு நரம்பாகச் சரிபார்த்தாள். முதல் கண்காட்சியில் பத்து நாளும் ஒருவரும் எங்கள் இலையை அப்படிப் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு ஆட்கள் போகும் வழியே மாறிவிட்டது. நேராக மேசைக்கு வருவார்கள், ஒரு அச்சு எடுப்பார்கள், அது காயும் வரை பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் சுவரைப் பார்ப்பார்கள். மை காய்வதற்காகக் காத்திருக்கிறவர்கள்தான் எங்கள் உண்மையான பார்வையாளர்கள். சீக்கிரம் காயும் மை வாங்கலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். வேண்டாம் என்றோம்.

மேசையிலிருந்து எடுத்தவை

விதை மாலை. எங்களில் ஒருவர் குன்றிமணியில் அழகாகக் கோத்து வைத்திருந்தார், சிவப்பும் கறுப்பும். பொதுமேசைக்கு வைக்கலாமா என்று பேசும்போதுதான் விஷயம் வந்தது. அந்த விதைக்குள் அப்ரின் என்ற கடும் நச்சு இருக்கிறது. ஓடு கெட்டி என்பதால் முழுசாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடலாம். ஆனால் கோப்பதற்கு ஓட்டை போட்ட விதையில் அந்தக் காவல் போய்விடுகிறது. குழந்தை கடித்தால் நினைக்கவே பயம். ஓட்டை போடும்போது பறக்கும் தூளும் ஆபத்து. மாலையை மேசையிலிருந்து மட்டுமில்லை, கண்காட்சியிலிருந்தே எடுத்துவிட்டோம். அரளியையும் அப்படியே. செய்தவருக்கு வருத்தம்தான்.

இறகுகளையும் தவிர்த்தோம். கீழே கிடந்ததுதானே என்று தோன்றும். ஆனால் சில நாடுகளில் அதற்கும் சட்டம் இருக்கிறது. அமெரிக்காவில் 1918இல் வந்த புலம்பெயர் பறவைகள் சட்டம், அதில் அடங்கும் பறவைகளின் உதிர்ந்த இறகை அனுமதியில்லாமல் வைத்திருப்பதையும் தடுக்கிறது. அவரவர் இடத்துச் சட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இரண்டாவது கண்காட்சியில் கெட்ட ஒன்று, காய்ந்த விதைக்காய்களால் செய்த ஒரு தட்டு. ஆறாம் நாள் அடியில் மாவு மாதிரி தூள், காயில் ஊசி முனை அளவு ஓட்டை. உள்ளே வண்டு. இப்போது காய், பட்டை எதுவாக இருந்தாலும் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஃப்ரீசரில் −18 டிகிரியில் ஒரு வாரத்துக்குக் குறையாமல் வைக்கிறோம். வெளியே எடுத்தவுடன் பையைத் திறக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றிலிருக்கும் ஈரம் அதன் மேல் படிந்து மறுபடி பூசணக் கதைதான்.

நீலம்

எங்களில் இளையவருக்கு ஒளியச்சில் ஆர்வம். சயனோடைப். 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தது. அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் இந்த முறையில் கடற்பாசிகளைப் பதிவு செய்ய ஆரம்பித்துவிட்டார். இரண்டு இரும்பு உப்புகளைக் கலந்து தாளில் பூசி இருட்டில் காயவைத்து, மேலே இலையை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்ட வேண்டும். நல்ல வெயிலில் பத்து இருபது நிமிடம், பிறகு தண்ணீரில் அலசினால் இலை இருந்த இடம் வெள்ளை, மற்றதெல்லாம் ஆழ்ந்த நீலம். இலை காய்ந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. அவசரக்காரர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

அவர் செய்த ஒரு துணிப் பையை ஒருவர் ஆசையாகக் கேட்டு வாங்கிப் போனார். இரண்டு வாரம் கழித்து அந்தப் பை திரும்ப வந்தது. நீலம் போய் மங்கலான மஞ்சள் பழுப்பு. சோப்புத்தூளில் ஊறவைத்திருக்கிறார். அந்த நீலம் காரத்தைத் தாங்காது, சிதைந்து துரு நிறமாகிவிடும். அவர் மேல் என்ன தப்பு? நாங்கள்தான் சொல்லவில்லை. இப்போது ஒவ்வொரு துணியோடும் ஒரு சீட்டு போகிறது: வெறும் தண்ணீர், நிழலில் காயவை. அதே காரணத்தால், அமிலம் அண்டாமல் இருக்கச் சுண்ணச் சத்து சேர்த்த மவுண்ட் அட்டையையும் இந்த நீலப் படங்களுக்கு மட்டும் போடுவதில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் நல்லதான அட்டை இதற்கு ஆகாது.

இன்னும் தீராதது

பச்சை. எவ்வளவு கவனமாகக் காயவைத்தாலும் பச்சை நிற்பதில்லை. கிளிசரினில் போட்டுப் பார்த்தோம். ஒரு பங்கு கிளிசரின், இரண்டு பங்கு தண்ணீர், இரண்டு மூன்று வாரம். இலை தோல் மாதிரி மிருதுவாக, உடையாமல் நிற்கிறது, ஆனால் பழுப்பாகிவிடுகிறது. மேலே பச்சை வண்ணத்தைத் தொட்டுவிடலாம் என்று எங்களில் இருவர் சொல்கிறார்கள். பழைய கைவேலைக்காரர்களும் செய்ததுதான். எனக்கு ஒப்பவில்லை. வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கிறது.

மூன்றாவது கண்காட்சி எப்போது என்று நூலகத்தில் கேட்டார்கள். தேதி சொல்லவில்லை. பலகைக்கு நடுவில் இப்போது பெரிய தேக்கிலைகள் இருக்கின்றன, டீச்சரின் நோட்டில் இன்று 19ஆம் நாள். நேற்று தாளை மாற்றும்போது ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். நரம்புப் பக்கம் இன்னும் குளிர்ந்தது.